பேத்தி கூட்டிப்போன தோட்டம்

தேக்கா

“நான் வந்தாத்தான் உங்களை உள்ள விடுவாங்க அம்மாச்சி, தெரியுமா?”

மூன்று நாளாக நிலா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு நான் வந்து இறங்கியதிலிருந்து எங்கே போனாலும் நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாலையைக் கடக்கும்போதும் மின்தூக்கியில் ஏறும்போதும் அந்தப் பிடி இறுகும். இன்றைக்கு மட்டும் முறை மாறியது. இங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்குள்ளே பிள்ளைகளுக்கென்று ஒரு தோட்டம் இருக்கிறதாம். பெரியவர்கள் தனியாகப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதானாம். கூட ஒரு பிள்ளை இருந்தால்தான் உள்ளே போகலாமாம். அதனால் அன்று காலை அவள் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

முதலில் தேக்காவில் பசியாறினோம். சாப்பிடுவதை இங்குள்ள தமிழர்கள் பசியாறுவது என்கிறார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் என் பாட்டியோடு போய்விட்ட சொல் அது. கல்லில் மாவை விசிறி மடித்துப் போட்ட பிராட்டாவைச் சிறு கிண்ணத்துக் குழம்போடு என் முன்னால் வைத்தார்கள். நிலா தன்னுடையதற்குச் சீனி கேட்டு வாங்கித் தொட்டுச் சாப்பிட்டாள். பக்கத்து மேசைச் சீனப் பையனும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. ஒரு வாய் கேட்டு வாங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்திலேயே சந்தையில் வாழைப்பூ, முருங்கைக்கீரைக் கட்டு, மாவடு, அகத்தி என்று எல்லாம் அடுக்கியிருந்தது. முருங்கைக்காய்க் குவியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிலா கேட்டாள்: “இது மரத்துல வருமா, மண்ணுக்குள்ள வருமா?”

அவளுடைய அம்மா வளர்ந்தது ஒரு முருங்கை மரத்தடியில். கொல்லைக் கதவைத் திறந்தால் தலையில் இடிக்கும் தாழ்ந்த கிளை. கம்பளிப்பூச்சிக் காலத்தில் அந்தப் பக்கம் போக அவள் அழுவாள். அந்த மரத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவே ஒரே ஒரு தலைமுறைதான் இருக்கிறது. “மரத்துலதான் கண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

பூ மலை

தேக்காவிலிருந்து ரயிலில் மூன்றாவது நிலையம். இறங்கியதும் பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் தாவரவியல் தோட்டம் என்று பொருள்படும் பெயர். தமிழில் ‘பூ மலை’.

வழியில் கடந்த நியூட்டனும் ஸ்டீவன்ஸும் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியவைதான். இது அப்படி இல்லை. இங்கே வந்து குடியேறிய தமிழர்களின் வாயில் பழகி நிலைத்த பெயர். பூக்களும் மேடுமாக இருந்த இடத்தைப் பார்த்து, யாரையும் கேட்காமல், தங்களுக்குத் தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதை இன்றைக்கு ஒரு நாடு தன் ரயில் நிலையத்தில் எழுதி வைத்திருக்கிறது. எனக்குத் தொண்டை கனத்தது. நிலா கையை இழுத்தாள்.

1859-இல் தொடங்கிய தோட்டம் இது. இன்று 82 ஹெக்டேர். 2015-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. தாங்ளின் பக்கத்து வாசலில் நுழைபவர்களுக்குப் பழைய மரங்களும் ஆர்க்கிட் தோட்டமும் முதலில் கிடைக்கும். நாங்கள் நுழைந்தது எதிர்முனையில், புக்கிட் தீமா சாலைப் பக்கம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலை இரைச்சல். அதைத் தாண்டி நாலெட்டு வைத்தால் ஈர இலை வாசம். ஊரில் இந்த வாசம் ஐப்பசியில் இரண்டு வாரம் வரும், போய்விடும். இங்கே வருடம் முழுக்க ஐப்பசிதான்.

பிள்ளைகளின் வாசல்

வாசலில் பெயர் எழுதியிருந்தது: ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம். பாலாஸ் சிங்கப்பூரின் யூத சமூகத்தைச் சேர்ந்த பங்குத் தரகர், 2000-இல் மறைந்த கொடையாளர். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வந்த கொடையில் 2007-இல் இந்தத் தோட்டம் திறந்தது. ஆசியாவில் பிள்ளைகளுக்கென்றே அமைந்த முதல் தோட்டம் என்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து, 2017-இல், அதை இரட்டிப்பாக்கி நான்கு ஹெக்டேர் ஆக்கினார்கள். பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இடம். கட்டணம் இல்லை.

வாசலில் இருந்த பெண் நிலாவைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார். “இவங்க என் அம்மாச்சி, என்னோட வந்திருக்காங்க” என்று நிலா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையசைத்து எங்களை உள்ளே விட்டார்.

முப்பத்திரண்டு வருடம் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனாலும் ‘தொடாதே’ என்ற சொல்லை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அருங்காட்சியகத்தில் தொடாதே, கோயில் தேரைத் தொடாதே, பூங்காவில் புல்லை மிதிக்காதே. இங்கே முதல் வளைவிலேயே, வாசனைக்கும் தொடுவதற்கும் என்று வைத்த செடிப் பாத்திகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை இலையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தது. சொரசொரப்பு போலிருக்கிறது, முகம் சுருங்கி, பிறகு மறுபடி தேய்த்தது. யாரும் தடுக்கவில்லை.

நிலா ஒரு நீள இலையைத் தடவிவிட்டு விரலை என் மூக்கருகே கொண்டுவந்தாள். “கேக் வாசம், அம்மாச்சி!” ரம்பை இலை. நம் ஊரில் பிரியாணிக்குப் போடுவோம். இங்கே கேக்குக்கும் பலகாரத்துக்கும் பச்சை நிறமும் வாசமும் தருவது அதுதான். அந்த வாசம் கடையிலிருந்து வருகிறது என்று ஆறு வருடம் நினைத்திருந்தவள், அதை மண்ணில் வேர்விட்டு நிற்கும் ஒன்றோடு சேர்த்துக்கொண்ட கணம் அது. பாடம் நடத்தினால் அரை மணி நேரம் ஆகும். அவளுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

ஒளிச்சேர்க்கையை விளக்க இங்கே ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் தாங்களே இயக்கிப் பார்க்கும்படி. அங்கே நான்தான் அதிக நேரம் நின்றேன். கரும்பலகையில் ஓர் இலை, ஒரு சூரியன், உள்ளே போகும் அம்புக்குறி, வெளியே வரும் அம்புக்குறி. அந்தப் படத்தை எத்தனை வருடம் வரைந்திருப்பேன்! என் படம் சரிதான், தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்த பிள்ளைகள் அம்புக்குறியைத்தான் மனப்பாடம் செய்தார்கள். சன்னலுக்கு வெளியே பூவரசு நின்றது. ஒருநாளாவது வெளியே கூட்டிப்போய் இலையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கலாம். சில நாள் சொல்லவும் செய்தேன். தேர்வு நெருங்கினால் அதுவும் நின்றுவிடும்.

தண்ணீரும் மரவீடும்

நீர் விளையாட்டுப் பகுதிக்கு வந்ததும் நிலா என்னை மறந்துவிட்டாள். தரையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நான்கு இனத்துப் பிள்ளைகள் ஒரே கூச்சலில் கலந்திருந்தார்கள். தண்ணீர் நிற்கும்போது எல்லாரும் உறைந்து நிற்பார்கள், பீய்ச்சினால் சிதறி ஓடுவார்கள். விதி யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு நிமிடத்தில் ஒரு விளையாட்டு அதுவாகவே பிறந்துவிட்டது.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்தேன். பாட்டிகளும் பணிப்பெண்களும்தான் அதிகம். என் பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பெண் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு சீனக் குழந்தைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசியின் முகப்பில் வேறு இரண்டு குழந்தைகளின் படம். நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். எட்டு, ஐந்து என்று விரலில் வயதைக் காட்டினாள். எங்களுக்குள் பொது மொழி அவ்வளவுதான் இருந்தது.

அதன்பின் மரவீடு, சறுக்கு, தொங்குபாலம், செடிகளை வேலியாக வளர்த்துச் செய்த புதிர்வழி. தொங்குபாலத்தில் நிலா நடுவில் நின்று பயந்துவிட்டாள். பலகை ஆடியது. நான் இந்தக் கரையில். “வா, ஒண்ணும் ஆகாது” என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் வந்த பெரிய பையன் ஒருவன், பன்னிரண்டு வயது இருக்கும், அவளைத் தாண்டிப் போகாமல் காத்து நின்றான். ஒரு கால், இன்னொரு கால். கரை சேர்ந்ததும் அவள் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, பாலத்தை. உடனே மறுபடி ஏறப் போய்விட்டாள்.

காவிரியின் கடைமடையில் எங்களுக்கு இப்படிப் பாலங்கள் இருந்தன. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பனைமரம். மழையில் பாசி பிடித்து வழுக்கும். விழுந்தால் இடுப்பளவுத் தண்ணீர், சேறு, வீட்டில் அடி. அதை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. பயத்தைக் கடக்க எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இங்கே ஓர் அரசாங்கம் பொறியாளர்களை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஆடலாம் என்று கணக்குப் பார்த்து, அதே பயத்தைக் கட்டித் தந்திருக்கிறது. பணம் போட்டுச் செய்ய வேண்டிய பொருளாக அது ஆகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு வந்தது. செய்திருக்கிறார்களே என்ற மரியாதையும் வந்தது. எங்கள் ஊரில் பனைமரப் பாலமும் போய்விட்டது, அந்த இடத்தில் எதுவும் வரவுமில்லை.

பண்ணை, பழத்தோட்டம்

புதிதாகச் சேர்த்த பகுதியில் சிறு பண்ணையும் பழத்தோட்டமும் இருக்கின்றன. கத்தரிச் செடி, மஞ்சள், எலுமிச்சைப்புல் என்று பாத்திகளைப் பார்த்ததும் என் நடை தானாகவே வேகமானது. நிலாவுக்கு இங்கே நான்தான் வழிகாட்டி. கத்தரி இலையின் அடிப்பக்கத்து முள்ளைக் காட்டினேன். மஞ்சள் இலையைத் தடவி முகரச் சொன்னேன். பொங்கல் பானைக்குக் கட்டுவது இதைத்தான் என்றதும் “இதா? இது காய்னு நெனச்சேன்” என்றாள்.

ஓர் இடத்தில் அவள் கை பழத்தை நோக்கிப் போயிற்று. நானே பிடித்து இழுத்தேன். பூங்காக்களில் பறிப்பது இந்நாட்டில் குற்றம். தொடலாம், முகரலாம், பறிக்கக் கூடாது.

இதைப் பற்றி அந்த இடத்திலேயே நின்று யோசித்தேன். நாங்கள் செடியைத் தெரிந்துகொண்டதே பறித்துத்தான். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோம், அதன் பூவைக் கம்மலாக்கினோம், புளியம்பிஞ்சை உப்புத் தொட்டுத் தின்றோம், காட்டாமணக்குத் தண்டின் பாலில் குமிழி விட்டோம். பறிக்காமல் ஒரு மரத்தோடு நட்பு கொள்ள எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மரத்துக்குப் பத்துப் பிள்ளைகள் என்றால் அது சரி. ஒரு மரத்துக்கு நாளுக்கு ஆயிரம் பிள்ளைகள் என்றால் மாலைக்குள் மொட்டையாகிவிடும். விதி நியாயமானதுதான். என்றாலும், பறித்துத் தின்னாத பழத்தைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை என்னால் கீழே வைக்க முடியவில்லை. எங்காவது ஒரு மூலையில் ஒரே ஒரு மரத்தைப் பிள்ளைகளின் கைக்கு விட்டுவிடலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நீரோடை

பண்ணையைத் தாண்டினால் காடு போல வளர்த்த பகுதி. குட்டைகளும் ஓர் ஓடையும். கல் மேல் கல்லாகக் கால் வைத்துப் பிள்ளைகள் ஓடையில் இறங்கியிருந்தார்கள். இங்கே கூச்சல் இல்லை. எல்லாரும் குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலா ஒரு நத்தைக்கு இலைப் பாலம் கட்டினாள். நத்தை அதில் ஏறவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தாள். வீட்டில் ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் இருக்காதவள்.

பாதையோரம் உதிர்ந்த சருகைக் கூட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நிமிர்ந்தான். சீருடை, அகன்ற தொப்பி. முப்பது வயதுக்குள் இருக்கும்.

“எந்த ஊரும்மா?”

“கீழ்வேளூர்ப் பக்கம், தம்பி.”

“அட, நம்ம பக்கந்தான். எனக்குப் பட்டுக்கோட்டை. பேராவூரணி போற வழி.”

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது அவர்களுடைய தென்னந்தோப்பு விழுந்தது. ஒரே இரவில், அப்பா வைத்தது, தாத்தா வைத்தது எல்லாம். தென்னை மறுபடி வைத்துக் காய்க்க ஆறேழு வருடம். அதுவரை கடன் காத்திருக்காது என்று இங்கே வந்துவிட்டான். “மரந்தான் தெரியும், அதான் மர வேலைக்கே வந்தேன்” என்றான். ஊரில் நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. பிறந்தபோது ஒரு தடவை பார்த்தது, போன வருடம் ஒரு தடவை. மற்றதெல்லாம் கைப்பேசியில்தான்.

“இங்க பெரியவங்க தனியா வந்தா விடமாட்டாங்களேம்மா. வேலைன்னு வர்றதால நான் தனியா வந்துர்றேன்.” சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு நிலாவின் நத்தையைப் பார்த்தான். “பாப்பா, இலைய வெயில்ல வெச்சிருக்க. நெழல்ல வெச்சுப் பாரு, வரும்.” அவள் இழுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நத்தை கொம்பை நீட்டிற்று.

எங்கள் பள்ளி முற்றத்திலும் அந்த இரவில் பூவரசும் இரண்டு வேம்பும் சாய்ந்தன. அறுத்து அப்புறப்படுத்தினார்கள். கொஞ்ச நாளில் யாரோ நன்கொடை தந்து முற்றம் முழுக்கச் சிமென்ட் கல் பாவினார்கள். சீருடையில் சேறு படுவதில்லை என்று தாய்மார்களுக்குச் சந்தோஷம். விழா வைத்து நன்றி சொன்னோம், நன்றி உரை படித்தது நான்தான். அடுத்த சித்திரையில் அந்தக் கல்லில் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. ஓடுவதையும் விட்டார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் வெளியே வராமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பட்டுக்கோட்டைத் தம்பியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“கல்ல எடுக்க முடியாதாம்மா?”

“மொத்தமா முடியாது. நாலு கல்லு, அஞ்சு கல்லுன்னா கேட்டுப் பாக்கலாம்.”

“அது போதுமே. பூவரசுக்கு வெதை கூட வேணாம். போத்து வெட்டி ஊனுங்க, மழைக்காலத்துல தானா வேர் விட்டுரும். மூணு வருஷத்துல நெழல் வந்துரும்.”

எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தோப்பை இழந்தவன் வாயால் கேட்கும்போது அது செய்யக்கூடிய காரியமாகத் தெரிந்தது.

பால்மரம்

சிறுவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து பெரிய தோட்டத்தின் நிழலில் நடந்தோம். மூன்று மூன்று இலையாகச் சேர்ந்த ஒரு மரத்தைப் பார்த்து நின்றேன். பால்மரம். ரப்பர் மரத்துக்கு மலாயாத் தமிழர்கள் வைத்த பெயர்.

1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இந்தப் பூமலைக்கு வந்தன. பிரேசில் காட்டிலிருந்து எடுத்துப்போன விதைகளில் முளைத்தவை. 1879-இல் தோட்டத்தின் இந்த வடபகுதியில் வருமானப் பயிர்களைச் சோதிக்க ஒரு தோட்டம் போட்டார்கள். 1888-இல் இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மீன்முள் வடிவில் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் வைக்கச் சொல்லித் தோட்டக்காரர்களை அவர் விடாமல் நச்சரித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பேரெடுத்தாராம். கார் வந்தது, டயர் வந்தது, மலாயா முழுக்கப் பால்மரக் காடானது. அந்தக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் எங்கள் ஊர்களுக்கு வந்தார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் போனவர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கோடு, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்தில் பால் வெட்டுவதாகக் கடிதம் எழுதுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கடிதம் வருவது ஒருநாள் நின்றுபோனது. எந்தத் தோட்டம், எங்கே அடக்கம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பட்டையில் கை வைத்தேன். கரடு இல்லை, ஊரில் எந்த மரத்தைப் போலவும் இல்லை, கொஞ்சம் வழவழப்பு. ஒரு செடி பணத்துக்காகக் கடல் தாண்டியது, அதன் பின்னால் மனிதர்களும் தாண்டினார்கள். செடியிலிருந்து என்ன எடுக்கலாம் என்று நூறு வருடம் முன்பு இங்கே சோதித்துப் பார்த்தார்கள். அதே தோட்டத்தில் இன்று ஒரு பிள்ளை இலையை முகர்ந்து பார்க்கிறது. இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

“இந்த மரத்துல என்ன வரும் அம்மாச்சி?”

“ஒன்னோட அழிரப்பர்.”

அவள் நம்பவில்லை. பெரிய தாத்தாவின் கதையைச் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவளும் மரத்தில் கை வைத்தாள்.

மஞ்சாடி மரத்தடி

மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். ஒரு பெரிய மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நிலா தின்றுகொண்டே தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். “அம்மாச்சி, ரெட் ரெட்டா!” உள்ளங்கையில் நாலைந்து விதைகள், பாலிஷ் போட்டதுபோல் சிவப்பு.

மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வோம். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பொன் நிறுத்த காலம் உண்டு. இங்கே இதைச் சாகா விதை என்கிறார்கள், மலாய்ப் பொற்கொல்லர்களும் இதை வைத்துத்தான் நிறுத்திருக்கிறார்கள். சுருண்டு வெடித்த நெற்றுகள் புல்லில் கிடந்தன. விதைகள் எறும்புப் புற்றருகே, வேர் இடுக்கில், எங்கும்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?”

“இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா.”

அவள் முகம் வாடியது. கொஞ்சம் யோசித்தேன். பிறகு புல் இல்லாத ஈர மண்ணில் கட்டைவிரலால் அழுத்தி ஏழு குழி செய்தேன். எதிரே இன்னும் ஏழு. “எடுத்துட்டுத்தான் போகக் கூடாது. இங்கேயே வெளையாடலாம். குழிக்கு அஞ்சு பொறுக்கிட்டு வா.”

எழுபது விதை பொறுக்க அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பல்லாங்குழியின் முதல் பாடம் எண்ணுவதுதான். அள்ளி, ஒவ்வொன்றாய்ப் போட்டு, வெறுங்குழி வந்தால் துடைத்து, அடுத்ததை எடு. நாலு சேர்ந்தால் பசு, அது உனக்கு. முதல் பசு கிடைத்ததும் கத்தினாள். அந்தச் சத்தத்தில் நீர் விளையாட்டில் பார்த்த பிள்ளைகளில் இரண்டு பேர் வந்து குந்தினார்கள். அவர்களோடு தலைத்துண்டு கட்டிய ஒரு மலாய்ப் பாட்டி.

அவர் குழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சொங்காக்!” என்றார்.

நிலா நடுவில் நின்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் ஏழு குழிதானாம். குழிக்கு ஏழு விதையாம். ஆனால் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி வேண்டுமாம், அதற்கு ‘ருமா’ என்று பெயராம், வீடு. வீடு இல்லாமல் எப்படி விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் தராமல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்து மண்ணில் அழுத்தினார். அந்த முனையில் ஒரு வீடு. எழுந்து வந்து இந்த முனையில் ஒரு வீடு. பிறகு கையைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். பச்சை உருண்டைகள், மேலே தேங்காய்த் துருவல். கடித்தால் உள்ளே உருகிய பனைவெல்லப் பாகு. நம் கொழுக்கட்டைக்குச் சித்தி மகள் மாதிரி. ரம்பை வாசம்.

“காலைல அந்த எலை!” என்றாள் நிலா வாய் நிறைய.

நான் என் புளிசாதத்தை நீட்டினேன். பாட்டி ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். முதல் ஆட்டம் எங்கள் முறைப்படி, அடுத்தது அவர்கள் முறைப்படி. இரண்டிலும் நிலா தோற்றாள். மூன்றாவதில் சண்டை வந்தது. மூன்றாவது ஆட்டத்தின் நடுவிலேயே மேகம் கறுத்தது. இங்கே மழைக்கு முன்னால் இடி வரும், இடி என்றால் திறந்த வெளியில் யாரும் நிற்பதில்லை. பாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிழற்கூரைக்கு ஓடினார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

கூரைக்குள் நின்று மழையைப் பார்த்தோம். நிலா என் சேலைக்குள் ஒதுங்கிக்கொண்டாள். “ஆட்டத்துல நான் எங்க இருந்தேன்னு ஞாபகம் இருக்கா அம்மாச்சி?”

“எடது பக்கம் மூணாவது குழி. ஒங் கையில ரெண்டு வெதை இருந்திச்சு.”

அவள் விரலைப் பிரித்துக் காட்டினாள். அந்த இரண்டு விதைகள் ஈரக் கையில் அப்படியே ஒட்டியிருந்தன.

மழை விட்டதும் முதலில் அங்கேதான் போனோம். பதினாறு குழியிலும் தண்ணீர் நின்றது. அடியில் சிவப்புச் சிவப்பாய் விதைகள். அவள் குனிந்து நாலாவது குழியில் ஒன்று, ஐந்தாவது குழியில் ஒன்று போட்டாள். நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.